பழைய இரும்பில் செய்த மரம் தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எங்கள் தெருமுனையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அதன் நிழலில்தான் நான் வளர்ந்தேன். சில நாள் கழித்து புதுப்பேட்டையில் எடை போட்டு வாங்கிய சைக்கிள் செயினையும் பழைய பைப் துண்டுகளையும் வைத்து அந்த மரத்தை முழங்கால் உயரத்துக்குச் செய்து பார்த்தேன். அன்றிலிருந்து வேம்பு, பூவரசு, புங்கை, அரசு என்று இந்த ஊர்த் தெருக்களில் நிற்கிற மரங்களையே காயலான் கடை இரும்பில் செய்துவருகிறேன்.

செய்து கொடுத்தவற்றில் சில திரும்பி வரும். ஒன்று துருப்பிடித்து, ஒன்று விரிசல் விட்டு, ஒன்று சாய்ந்து. ஒரே கோளாறைப் பத்துத் தடவை சரிசெய்த பிறகு எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது கைக்குப் பழகிவிட்டது. அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் காசில்லாமல் தீர்கிற காரணம், பிறகு செலவு வைக்கிற காரணம், கடைசியில் எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது.

எதையும் பிரிப்பதற்கு முன்

பழுதுபார்க்க ஒரு கிளையை வெட்டப் போகிறீர்கள் என்றால் அது எதிலிருந்து வந்த இரும்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

வண்டி ஷாக் அப்சார்பர், கேஸ் நிரப்பிய டிக்கி கம்பி ஆகியவற்றின் உள்ளே அழுத்தம் இருக்கும். சூடு பட்டால் வெடிக்கும். பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம் இரண்டும் பல வருடம் காலியாகக் கிடந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். கழுவிவிட்டேன் என்று நம்பி கிரைண்டர் வைக்க வேண்டாம். இரண்டு முனையும் அடைத்த பைப்பாக இருந்தால் வெல்ட் வைக்கும் முன் ஒரு துளை போடுங்கள். பளபளக்கும் குரோம் பூச்சுள்ள பம்பர், மஞ்சள் தங்க நிறப் பூச்சுள்ள பழைய போல்ட் போன்றவற்றை நான் வெல்ட் செய்வதே இல்லை. குரோம் புகை நுரையீரலுக்கு நஞ்சு. மஞ்சள் பூச்சு காட்மியமா, துத்தநாகமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காட்மியம் புகை ஆளையே கொல்லும். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடைத்த இரும்பில் ஈரம் காயுமுன் வெல்ட் வைப்பதும் அப்படித்தான். குளோரின் கலந்த வகையாக இருந்தால் வெல்டிங் வெளிச்சத்தில் அது விஷவாயுவாகிவிடும்.

அறிகுறி: பெயிண்ட் அடித்தும் துரு வெளியே வருகிறது

துரு எங்கே வருகிறது என்று பாருங்கள். இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி காரணம் தெரிந்துவிடும்.

*வெல்டைச் சுற்றி மட்டும் வந்தால்* வெல்டின் மேல் ஓடாகப் படியும் கசடு சரியாக உடைபடவில்லை. கசடின் மேலேயே பெயிண்ட் போயிருக்கும், அது உரிந்து அடியில் ஈரம் புகுந்திருக்கும். சிப்பிங் சுத்தியலால் தட்டுங்கள், கம்பி பிரஷ் போடுங்கள், தெறித்து ஒட்டிய உருண்டைகளைச் சீவி எடுங்கள், பிரைமர் அடியுங்கள். ஒரு மாலை வேலை.

*செயின் இணைப்புகளிலும், தகடு மேல் தகடு ஏறிய இடுக்கிலும் வந்தால்* உள்ளே கிரீஸ் இருக்கிறது. சைக்கிள் செயினில் மரப்பட்டை செய்கிறவர்கள் எல்லாருக்கும் இது வரும். மேலே துடைத்தால் சுத்தமாகத் தெரியும், பின்னுக்குள் இருபது வருட எண்ணெய் நிற்கும். வெயில் பட்டதும் அது கசிந்து பெயிண்டைத் தள்ளும். தின்னரில் துடைப்பதால் இது போகாது. ஒரு பழைய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து இரண்டு கைப்பிடி சலவை சோடா போட்டு, செயினை அரை மணி நேரம் அதில் வேகவிடுங்கள். தண்ணீர் கருப்பாகிவிடும். ஊற்றிவிட்டு இன்னொரு முறை. தண்ணீர் ஓரளவு தெளிவாக வரும்வரை செய்து, சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். மறுநாள் என்று விட்டால் மெல்லிய சிவப்பு படிந்துவிடும். அலுமினியத் துண்டு எதையும் அந்த அண்டாவில் போடாதீர்கள், சோடா அதைத் தின்றுவிடும். செய்து முடித்த மரத்தில் செயினைக் கழற்ற முடியாதே என்றால், நல்ல பதில் என்னிடமும் இல்லை. வெந்நீர்ப் பிரஷரில் அடித்துப் பார்க்கலாம், பாதிதான் போகும்.

*தகட்டு விளிம்புகளில் மட்டும் வந்தால்* விளிம்பு கூர்மையாக இருக்கிறது. கூரான விளிம்பிலிருந்து பெயிண்ட் காயும்போது பின்வாங்கிவிடும், அங்கே பூச்சு மெலிந்திருக்கும். ஃபிளாப் வீலால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் சக்கரம்) விளிம்பை உருட்டிவிட்டு, விளிம்புக்கு மட்டும் தனியாக ஒரு கை பிரஷ்ஷால் அடித்துவிட்டு, பிறகு முழுவதும் அடியுங்கள்.

*எங்கு பார்த்தாலும் கொப்புளமாக வந்தால்* பெயிண்டுக்கு அடியில் உப்பு இருக்கிறது, அல்லது ஈரத்தின் மேல் அடித்திருக்கிறார்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் கிடந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத உப்பு ஏறியிருக்கும். உப்புத்தாள் தேய்த்தால் துரு போகும், உப்பு போகாது. நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி உலர்த்திய பிறகே பெயிண்ட். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு முன் இரும்பைத் தொட்டுப் பாருங்கள், பனி வியர்த்திருக்கும். அந்த மாதங்களில் நான் மதியம்தான் பெயிண்ட் அடிப்பேன்.

*பைப்பின் அடி மூட்டில் மட்டும் செந்நீர் வடிந்தால்* தண்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மந்தமாகும், தண்ணீர் மட்டம் அதுதான். அடியில் 8 மி.மீ. துளை போட்டு வடியவிடுங்கள், துளையை மூடாதீர்கள்.

பூச்சு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டுக்குள் வைக்கிற மரத்துக்கு ரெட் ஆக்சைடும் எனாமலும் போதும். வெளியே நிற்கிற மரத்துக்கு அது இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது. எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், அதன்மேல் பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட் என்று போங்கள். எபாக்சியை மட்டும் அடித்து வெயிலில் விட்டால் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். துரு நிறமே அழகு, அதன்மேல் கிளியர் லாக்கர் அடித்துக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் நிறைய. வீட்டுக்குள் சரி, மெழுகு பூசினால் இன்னும் நன்றாக இருக்கும். வெளியே வேண்டாம். லாக்கருக்கு அடியில் நூல் நூலாகத் துரு ஓடும், முழுவதையும் சுரண்டாமல் அதைச் சரிசெய்ய வழியில்லை.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* ஸ்குரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே போகிறது, அல்லது துரு அடுக்கடுக்காக உரிகிறது என்றால் பூச்சு வேலையோடு முடியாது. அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். கடலோரத்தில் நிரந்தரமாக நிற்க வேண்டிய மரமென்றால் கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) பட்டறைக்கு அனுப்புவதுதான் கடைசிச் செலவு, நல்ல செலவு. அனுப்பும் முன் எல்லாப் பைப்பிலும் காற்றுத் துளை இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சுமார் 450 டிகிரியில் உருகி நிற்கிற துத்தநாகத் தொட்டிக்குள் அடைத்த பைப் இறங்கினால் வெடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல்தான் அது தெறிக்கும்.

அறிகுறி: மரத்தடியில் தரை செங்கறை படிகிறது

மேலே சொன்ன துரு நின்றால் இதுவும் நிற்கும். அதுவரை அடித்தகட்டுக்கும் தரைக்கும் இடையே ரப்பர் ஷீட் வைத்து, ஓர் அங்குலமாவது உயர்த்துங்கள். கிரானைட் தரையில் விழுந்த கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும், கையுறை அவசியம். மார்பிள், மொசைக் தரையில் எந்த அமிலமும் ஊற்றாதீர்கள். எலுமிச்சைச் சாறு கூடத்தான். கறை போகும், கூடவே பளபளப்பும் போகும். அங்கே பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிடுவது மலிவு.

அறிகுறி: கிளை பிரிகிற இடத்தில் விரிசல்

எனக்கு அதிகம் பாடம் சொன்ன கோளாறு இதுதான்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலுக்கு எட்டடி வேப்பமரம் செய்தேன். கீழ்க்கிளைகளுக்கு லாரி ஸ்பிரிங் பட்டையை வளைத்து வைத்தேன். அதற்கென்று ஒரு வளைவு ஏற்கெனவே இருக்கும், வேப்பங்கிளை போலவே தெரியும். மூன்றாவது வாரம் காவலாளி அண்ணன் போன் செய்தார். "தம்பி, ராத்திரி டிங்குனு ஒரு சத்தம் வந்துது, கிளை லேசா தொங்குற மாதிரி இருக்கு, வந்து பாருங்க" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். வெல்ட் அப்படியே இருந்தது. வெல்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, பட்டையில், தலைமுடி போல ஒரு கோடு. வெல்டின் ஓரத்தை அளவெடுத்தது போல அதன் கூடவே வளைந்து போயிருந்தது. வெல்டிங் ராடையும் மெஷினையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கோடுதான் இரும்பைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது. அன்று இரவே கிளையை இறக்கிவிட்டோம். குழந்தைகள் விளையாடுகிற இடம் அது.

ஆகவே, விரிசல் எங்கே ஓடுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்துவிடுங்கள். விரிசலுக்குள் நிற்கிற எண்ணெய் மெல்லக் கசிந்து சாக்பீஸில் கருங்கோடாக வரும். முடிந்ததும் எண்ணெயை முழுவதும் துடைத்தெடுத்த பிறகே நெருப்பு.

*கோடு வெல்டின் நடுவே ஓடினால்* வெல்ட் மெலிவு, அல்லது இடைவெளி அதிகமாக வைத்து நிரப்பியிருக்கிறீர்கள். வெல்டின் கடைசி முனையில் நட்சத்திரம் போலச் சின்ன விரிசல் இருந்தால், ராடைச் சட்டென்று எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். குழி நிரம்பும்வரை நிறுத்தி எடுக்க வேண்டும். விரிசல் முழுவதும் போகும்வரை கிரைண்டரால் தோண்டிவிட்டு மறுபடி வையுங்கள். மேலே ஒரு கோட் பூசி மூடினால் அடியிலிருந்து அதே விரிசல் ஏறி வரும்.

*கோடு வெல்டுக்குப் பக்கத்தில், தாய் இரும்பில் ஓடினால்* அது கார்பன் அதிகமுள்ள இரும்பு. ஸ்பிரிங் பட்டை, ஆக்சில், பேரிங் எல்லாம் அப்படி. வெல்ட் சூடு சட்டென்று ஆறும்போது பக்கத்து இரும்பு கண்ணாடி போல விறைத்துவிடும். கிரைண்டரை லேசாக வைத்துத் தீப்பொறியைப் பாருங்கள். சாதாரண இரும்பு நீள நீளமாக, கிளை அதிகம் விடாமல் மஞ்சளாகப் பொறி விடும். கார்பன் அதிகமென்றால் கம்பி மத்தாப்பு போலப் பொறி வெடித்து வெடித்துப் பிரியும். வார்ப்பிரும்பு மங்கிய சிவப்பில் குட்டையாக விடும். சைக்கிள் கடையோ, பிரேக் டிரம்மோ, எங்கிருந்து வந்திருந்தாலும் இந்த மூன்று பொறியும் போதும்.

கார்பன் இரும்பென்று தெரிந்தால் ஸ்பிரிங் பட்டையை வெல்ட் வைக்கும் இடத்தில் கேஸ் டார்ச்சால் 250 டிகிரி வரை சூடேற்றி, நன்கு உலர்ந்த 7018 ராடில் (ஹைட்ரஜன் குறைந்த வகை) வைத்து, உடனே காய்ந்த மணலிலோ சாம்பலிலோ மூடி இரவு முழுக்க ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது. மரத்திலேயே வைத்துச் செய்ய முடியாத இடமென்றால் வெல்டை விட்டுவிட்டு போல்ட் போடுங்கள். எட்டடி வேம்புக்கு நான் கடைசியில் செய்தது அதுதான். இப்போது தலைக்கு மேலே வரும் கிளைகளுக்கு ஸ்பிரிங் பட்டை வைப்பதில்லை.

வார்ப்பிரும்பு என்றால் நிக்கல் ராடு வேண்டும், விலை அதிகம். ஒரு தடவைக்கு ஓர் அங்குலம் மட்டும் வைத்து, சூடாக இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்குமளவு ஆறவிட்டு அடுத்த அங்குலம். பொறுமை இல்லாத நாளில் இதைத் தொடாதீர்கள். பாரம் தாங்காத இடமென்றால் பித்தளையை உருக்கி ஒட்டுகிற பிரேசிங் செய்வது எளிது.

*மாதக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டு, காற்றில் ஆடுகிற கிளை மூட்டில் விரிசல் விட்டால்* அது களைப்பு. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிவதைப் போல. இதற்கு வெல்டைக் கனமாக்கினால் மட்டும் தீராது, மூட்டின் வடிவத்தையே மாற்ற வேண்டும். ஒரு வேப்பமரத்தின் பக்கத்தில் போய் கிளை புறப்படும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கிளை தண்டிலிருந்து குத்தினாற்போல வெளியே வராது. வருமுன் தண்டு கொஞ்சம் வீங்கி, கிளையைச் சுற்றி ஒரு பட்டை போட்டு, மடிப்பு மடிப்பாக இறங்கும். கிளையின் அடிப்புறத்தில் அந்த வீக்கம் தடிமனாக இருக்கும். நாமோ பைப்பைச் சாய்வாக வெட்டி, பைப்பில் ஒட்டி, வெல்டையும் அழகுக்காகக் கிரைண்டரால் மழித்துவிடுகிறோம். ஆட்டம் முழுவதும் அந்த ஒரு கோட்டில் போய் விழுகிறது.

மூட்டைச் சுற்றி 6 மி.மீ. கம்பியை மூன்று நான்கு வளையமாக, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அகலமாக வைத்து வெல்ட் செய்யுங்கள். அடிப்புறத்தில் ஒரு முக்கோணத் தகட்டையும் அதற்குள் மறைத்துவிடலாம். பிறகு கிரைண்டரால் வளைவாக உருட்டிவிட்டால் அசல் மரத்தின் மூட்டு போலவே வரும், ஆடினாலும் தாங்கும். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு இந்த வகை விரிசலோடு எனக்கு ஒரு மரம்கூடத் திரும்பி வரவில்லை.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* விரிசல் விட்ட கிளையின் கீழே ஆட்கள் நடப்பார்கள் என்றால், முதல் வேலை கிளையை இறக்குவது அல்லது முட்டுக் கொடுத்துக் கட்டுவது. அதே இடத்தில் இரண்டாவது முறை விரிசல் வந்தால், உயர் அழுத்தப் பைப் வேலை செய்து பழகிய தேர்ந்த வெல்டரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: வெல்ட் பிடிக்கவே இல்லை, அல்லது அரிசிப்பொரி போலக் குமிழ் விடுகிறது

மெஷினிலிருந்து வந்து இரும்பைக் கவ்வுகிற எர்த் கிளாம்ப் பெயிண்ட் மேல் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பாதித் தடவை இதுதான். அடுத்து ராடு. மழைக்காலத்தில் பாக்கெட் பிரித்து வைத்த ராடு ஈரம் குடித்திருக்கும். சாதாரண 6013 ராடை நூறு, நூற்றிருபது டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் போதும். 7018க்கு அது போதாது, முந்நூறு டிகிரிக்கு மேல் வேண்டும், வீட்டு ஓவனில் நடக்காது. அதற்கடுத்து ஆம்ப்ஸ்: 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 வரை, 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 வரை. எல்லாம் சரியாக இருந்தும் மாலையில் மட்டும் ராடு ஒட்டிக்கொண்டால் உங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்குகிறது. காலையில் வெல்ட் வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு குமிழ் வந்து, கூடவே வெள்ளைப் புகை எழும்பினால் உடனே நிறுத்துங்கள். அது ஜிஐ பைப், மேலே துத்தநாகம் இருக்கிறது. 907 டிகிரியிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருக அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஆகவே துத்தநாகத்தை எடுக்காமல் வெல்ட் வைத்தால் புகையைத் தவிர்க்கவே முடியாது. மூட்டின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு வையுங்கள். திறந்த இடம், பக்கவாட்டிலிருந்து மின்விசிறி, உலோகப் புகைக்கான மாஸ்க். துணி கட்டினால் அந்தப் புகை நிற்காது.

அன்று இரவு குளிர் நடுக்கம், காய்ச்சல், வாயில் இரும்புச் சுவை வந்தால் அது புகைக் காய்ச்சல். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தணியும். பால் குடித்தால் முறியும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், முறியாது. மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு இறுக்கினாலோ, இரண்டு நாளில் தணியாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போய் எந்த இரும்பில் வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அறிகுறி: மரம் சாய்கிறது, ஆடுகிறது

தூக்குக்குண்டு நூலை உச்சியிலிருந்து தொங்கவிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு என்று சாக்பீஸால் தரையில் குறித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

*கோடு நகரவில்லை என்றால்* மரம் பிறக்கும்போதே சாய்ந்தது. வெல்ட் ஆறும்போது தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து வைத்தால் தண்டே அந்தப் பக்கம் வளைந்துவிடும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் சூடேற்றி ஆறவிட்டால் கொஞ்சம் திரும்பும். அடுத்த மரத்தில் முதலில் எல்லா இடத்திலும் டேக் (பொட்டு வெல்ட்) வைத்துவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி வையுங்கள். தெருவில் நிற்கிற மரங்களில் பாதி வெளிச்சம் தேடிச் சாய்ந்தவைதான், ஆகவே நிற்கிற சாய்வாக இருந்தால் விட்டுவிடலாம்.

*கோடு நகர்ந்தால்* நட்டு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து அடித்தகடு: மெலிந்த தகடென்றால் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கும், ஒரு காகிதத்தை அடியில் செருகினால் தெரியும். கீழே நான்கு பக்கமும் வேர் போலத் தகட்டு விலா வைத்து வெல்ட் செய்யுங்கள். சுவரோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் அடி எப்படி விரிந்து நிற்கிறதோ, அப்படி. வீட்டுக்குள் நிற்கும் மரத்துக்கு அடித்தகடு மேலே விரிந்த கிளைக் குடையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும்படி வைக்கிறேன், ஒரு பக்கம் கனம் அதிகமென்றால் பாதி.

ஒரு பக்கக் கிளை மட்டும் கனத்து இழுக்கிறது, வெட்டவும் மனமில்லை என்றால் ஆலமரத்தைப் பின்பற்றுங்கள். அடையாறு தியசாபிகல் சொசைட்டி தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் விழுந்தது. விழுதுகளின் மேல் மரம் இன்றும் நிற்கிறது. கிளையின் அடியிலிருந்து பழைய கம்பிகளை முறுக்கி விழுதாக இறக்கித் தரையில் ஊன்றிவிட்டேன் ஒரு மரத்துக்கு. அதன்பின் அது அசையவில்லை.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* ஆள் உயரத்துக்கு மேல் போகிற மரம் திறந்த வெளியில், மொட்டைமாடியில், பொது இடத்தில் நிற்கப் போகிறதென்றால் கட்டமைப்புப் பொறியாளர் இல்லாமல் வைக்காதீர்கள். இந்தியக் காற்றுவிசை விதித்தொகுப்பான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. இலை நிறைந்த தகரக் குடை அந்தக் காற்றில் பாய்மரம்தான். எத்தனை போல்ட், எவ்வளவு ஆழம் என்பதைக் கண்ணளவில் முடிவுசெய்ய நமக்கு உரிமையில்லை.

அறிகுறி: இலைகள் உதிர்கின்றன, காற்றில் சலசலப்பு தாங்கவில்லை

இலையைக் கிளையோடு நேராக வெல்ட் வைத்தால் உதிரத்தான் செய்யும். பழைய எண்ணெய் டின் தகரம் மெலிது, வெல்ட் ஓரத்தில் வெந்துபோய் அங்கேயே ஒடியும். அரசிலைக்கு ஏன் அவ்வளவு நீளக் காம்பு என்று இரும்பில் செய்யும்போதுதான் எனக்குப் புரிந்தது. காம்பு வளைந்து கொடுக்கிறது, இலை பிழைத்துக்கொள்கிறது. இலைக்கு சைக்கிள் ஸ்போக்கைக் காம்பாக வைத்து, தகரத்தில் ரிவிட் அடித்து, மறுமுனையை மட்டும் கிளையில் வெல்ட் வையுங்கள்.

சத்தத்துக்கு: எந்த இரண்டு இலை மோதுகின்றன என்று கண்டுபிடித்து ஒன்றைத் திருப்பிவிட்டாலே பெரும்பாலும் அடங்கும். துளையில் தொங்குகிற இலை என்றால் நைலான் வாஷர். தகர விளிம்புகளை அரத்தால் மழித்துவிட்டீர்களா என்றும் ஒருமுறை விரல் முதுகால் தடவிப் பாருங்கள், குழந்தைகளின் கை எட்டுகிற உயரத்தில் முக்கியமாக.

அறிகுறி: செம்பு இலை நன்றாக இருக்கிறது, அது தொட்ட இரும்பு மட்டும் அரித்துப்போகிறது

செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் செம்பு பிழைக்கும், இரும்பு கரையும். பெரிய செம்புத் தகட்டைச் சின்ன இரும்பு போல்டால் முடுக்கியிருந்தால் மிக வேகமாகக் கரையும். போல்டை எஸ்எஸ்ஸாக (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மாற்றி, இடையே நைலான் வாஷரும், துளைக்குள் பிளாஸ்டிக் குழாய்த் துண்டும் வையுங்கள். செம்பிலிருந்து வடியும் தண்ணீர் கீழே இரும்பின் மேல் ஓடாதபடி இலையின் நுனியைத் திருப்பிவிடுங்கள். வீட்டுக்குள் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

அறிகுறி: எல்லாம் உறுதியாக இருக்கிறது, ஆனால் மரமாகத் தெரியவில்லை

இதுவும் கோளாறுதான். விளக்குக் கம்பம் போலவோ, கவிழ்த்துவைத்த துடைப்பம் போலவோ தெரிந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

*கிளை எல்லாம் ஒரே பருமனா?* கையில் கிடைத்த பைப்பையே மேலே வரை வைத்தால் இப்படி ஆகும். தண்டு இரண்டாகப் பிரியும்போது இரண்டு கிளையின் குறுக்குப் பரப்பும் சேர்ந்து தண்டின் பரப்புக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும் என்று லியோனார்டோ டாவின்சி ஐந்நூறு வருடம் முன்பே குறித்துவைத்திருக்கிறார். 60 மி.மீ. தண்டு சமமாக இரண்டாகப் பிரிந்தால் கிளை சுமார் 42 மி.மீ., மூன்றாகப் பிரிந்தால் சுமார் 35. இந்தக் கணக்குப்படி பைப் வாங்கினால் கண் உடனே மரம் என்று ஒப்புக்கொள்ளும்.

*கிளைகள் ஏணிப்படி போல ஒரே இடைவெளியில், ஒரே தளத்தில் இருக்கின்றனவா?* ஒன்றை வெட்டி, தண்டைச் சுற்றித் திருப்பி வையுங்கள்.

*நகரத்து மரத்தின் தழும்பு எதுவுமில்லையா?* நம் தெரு மரம் காட்டு மரம் அல்ல. மின்கம்பிக்காக ஒரு பக்கம் வெட்டியிருப்பார்கள், பழைய காப்புக் கூண்டின் கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கும், விளம்பரப் பலகை அடித்த ஆணி நிற்கும், சிமெண்ட் தரை கழுத்துவரை ஏறியிருக்கும். பூவரசு ஒன்று தன் காப்புக் கூண்டை விழுங்கிக்கொண்டு நிற்பதை மயிலாப்பூர்ப் பக்கம் பார்த்துவிட்டு, காயலான் கடையில் கிடைத்த அசல் கூண்டுத் துண்டையே தண்டுக்குள் புதைத்துச் செய்தேன். பார்ப்பவர்கள் எல்லாரும் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான்.

கடைசிச் சோதனை ஒன்று, செலவில்லாதது. மாலை நான்கரை, ஐந்து மணிக்கு மரத்தை வெள்ளைச் சுவர் முன்னால் வெயிலில் வையுங்கள். நிறமும் செயினும் பல்சக்கரமும் மறைந்து நிழல் மட்டும் சுவரில் விழும். அந்த நிழலைப் பார்த்து எந்த மரம் என்று வீட்டில் யாரையாவது கேளுங்கள். வேம்பு என்று சொல்லாமல் "ஏதோ மரம்" என்று சொன்னால், நிழலில் உறுத்துகிற கிளையைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு மறுநாள் காலையில் அதை வெட்டுங்கள்.